அணையாத செக் இன்ஜின் லைட்: இசியூவை மாற்றுவதற்கு முன்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். 2011 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கி தர்மபுரிக்குக் கொண்டுவந்தது. 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 8 மாதமாக செக் இன்ஜின் லைட் எரிகிறது. 3 தடவை ஸ்கேனர் போட்டு அழித்தார்கள், 3 அல்லது 4 நாளில் திரும்பி வந்துவிட்டது. ஸ்கேனரில் வரும் கோளாறுக் கோடு (code) ஒவ்வொரு தடவையும் பி 0171. ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் அதே கதை. இப்போது ஒருவர் இசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, போய்விட்டது, மாற்றினால்தான் சரியாகும் என்கிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் 17 கொடுத்த மைலேஜ் 14 ஆகிவிட்டது. அடுத்து 15 வருட ஆர்சி புதுப்பித்தலும் வரப்போகிறது. இசியூவை மாற்றலாமா, இல்லை லைட்டை அப்படியே விட்டுவிட்டு ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

கேள்வி இசியூவில் வந்து முடிந்தாலும், இத்தனை பேர் சொன்னதில் யாரை நம்புவது, அடுத்த ரூபாயை எதில் போடுவது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்து எனக்கு 22 வருடம் ஆகிறது. ஐடிஐ முடித்து, கார்புரேட்டர் வண்டிகளில் கை பழகி, அப்புறம் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இப்போதைக்கு இசியூவைத் தொட வேண்டாம். நீங்கள் எழுதியதில் இசியூ கெட்டதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. வண்டியைப் பார்க்காமல் எது கெட்டது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கு நீங்களே ஒரு நல்ல தடயம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஓட்டலாமா என்பதை முதலில் முடித்துவிடுவோம், அது பாதுகாப்பு விஷயம். லைட் அசையாமல் ஒரே மாதிரி எரிந்தால், சத்தத்திலும் இழுவையிலும் மாற்றம் இல்லையென்றால், டெம்பரேச்சர், ஆயில் லைட்டுகள் எரியவில்லையென்றால், ஓட்டிக்கொண்டே தேடலாம். அதே லைட் விட்டு விட்டு மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுங்கள். மின்னுகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் நேராக சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, சில கிலோமீட்டரிலேயே அதை உருக்கிவிடக்கூடும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் மின்னினால், மேலே ஏறிவிட்டுப் பார்க்கலாம் என்று மிதிக்காதீர்கள்.

இப்போது அந்தக் கோடு. பி 0171 என்பதை ஸ்கேனர் ‘சிஸ்டம் டூ லீன், பேங்க் 1’ என்று காட்டும். லீன் என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் அதிகமாகத் தெரிகிறது, நான் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் கணக்குச் சரியாகவில்லை என்று கணினி சொல்கிறது. அவ்வளவுதான் அது சொல்வது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. ஆக்சிஜனைப் பார்த்துச் சொன்னது ஆக்சிஜன் சென்சார் என்பதால் அதையே கழற்றி மாற்றிவிடுகிறார்கள். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்து பால் தண்ணீராக இருக்கிறது என்றால், லாக்டோமீட்டரை மாற்றினால் பால் கெட்டியாகுமா? உங்கள் பழைய சென்சார் அநேகமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. புது சென்சாரும் வந்து அதையே சொல்கிறது. ஒரு விதத்தில் அந்தச் செலவு வீண் போகவில்லை. இரண்டு சென்சார் ஒரே சாட்சி சொன்னால், கோளாறு சென்சாரில் இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அழித்த பிறகு 3, 4 நாள் நன்றாக இருந்து மறுபடி வருவதற்கும் காரணம் உண்டு. இந்த வகைக் கோளாறை கணினி ஒரு தடவை பார்த்ததும் லைட்டைப் போட்டுவிடாது. ஒரு ஓட்டத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். ஓட்டம் என்றால் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகி, ஓடி, அணைக்கும் வரை. அதோடு, பெட்ரோலை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கணினி நாள்கணக்கில் கற்று ஒரு கணக்கு வைத்திருக்கும். கோடை அழித்தால் அந்தக் கணக்கும் பெரும்பாலான வண்டிகளில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மறுபடி எல்லையைத் தொடுவதற்குத்தான் அந்த 3, 4 நாள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்தாலும் நிறைய வண்டிகளில் இதே கதைதான். ஆகவே லைட் அணைந்தது குணமான மாதிரி தெரிந்தாலும், உள்ளே எதுவும் மாறவில்லை. நிஜமாகவே சரியாகிவிட்டால் அழிக்கவே தேவையில்லை, தொடர்ந்து 3 ஓட்டம் கோளாறு தெரியாமல் போனால் லைட் தானாகவே அணையும்.

அழிப்பதால் வரும் பெரிய நஷ்டம் வேறு. கோடு விழுந்த அந்த நிமிடத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்று கணினி ஒரு படம் பிடித்தது போலச் சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு, பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக்கொண்டிருந்தது எல்லாம் அதில் இருக்கும். ‘எரேஸ்’ பொத்தானை அழுத்தினால் அதுவும் சேர்ந்து போய்விடும். உங்கள் வண்டியில் 3 தடவை அந்தச் சாட்சியை அழித்திருக்கிறார்கள். அடுத்த தடவை யார் ஸ்கேனர் போட்டாலும், அழிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஃபோனில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பெங்களூரிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 என்ற புகை அளவு விதி வந்தபோது 13 பெருநகரங்களில்தான் வந்தது, அதில் பெங்களூரும் ஒன்று. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அந்த இடைவெளியில் நம் மாவட்டங்களில் பிஎஸ் 3 வண்டிகளும் பதிவாகிக்கொண்டிருந்தன. அதனால் ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் டிஎன் 29 வண்டியும் கேஏ வண்டியும் உள்ளே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுடையது அநேகமாக பிஎஸ் 4, ஆர்சியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பிஎஸ் 4 என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும். சாதாரண புளூடூத் ரீடர் ஒன்றை வாங்கி ஃபோனில் ஒரு ஆப் போட்டால், கோடு மட்டுமில்லை, ஓடும்போது வரும் அளவுகளையும் நீங்களே பார்க்கலாம். மலிவான ரீடர்கள் சில வண்டிகளில் பேசாது, வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அதில் பார்க்க வேண்டியது ஃப்யூவல் ட்ரிம் என்ற இரண்டு எண்கள். கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அவை காட்டும். ஷார்ட் டெர்ம் என்பது இந்த நொடியின் திருத்தம், லாங் டெர்ம் என்பது நாள்கணக்கில் கற்ற திருத்தம். இரண்டையும் கூட்டினால் ப்ளஸ் 10, மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. ப்ளஸ் 20-க்கு மேல் போய் 25-ஐ நெருங்கும்போதுதான் பல வண்டிகளில் பி 0171 விழும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசி அணைத்து, ஐட்லிங்கில் ஒரு நிமிடம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு நிமிடம். மூன்றாவதாக, நல்ல ஏற்றத்தில் லோடு விழும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் சூளகிரிப் பக்கத்து ஏற்றம் இதற்குச் சரியான இடம்.

இப்போது நீங்கள் கொடுத்த தடயத்துக்கு வருகிறேன். மைலேஜ் 17-லிருந்து 14. இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வண்டியில் நிஜமாகவே பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம், பம்ப் தளர்ந்துவிட்டது அல்லது ஃபில்டர் அடைத்துவிட்டது. கணினி இன்ஜெக்டரை 20 சதவீதம் கூடுதல் நேரம் திறக்கும். ஆனால் அழுத்தம் குறைவு என்பதால் கடைசியில் உள்ளே போவது பழைய அளவுதான். மைலேஜ் இவ்வளவு விழக்கூடாது. மாறாக, இன்ஜினில் கலவை சரியாகவே இருந்து, சென்சாருக்கு மட்டும் பொய்யாக ஆக்சிஜன் தெரிந்தால் என்ன ஆகும்? கணினி அதை நம்பி, தேவையே இல்லாத பெட்ரோலைக் கொட்டும். 20 சதவீதம் கூடுதலாகக் கொட்டினால் 17 கொடுத்த வண்டி 14 கொடுக்கும், 17-ஐ 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

பொய் ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்றால், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஓட்டையிலிருந்து. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இன்ஜினில் உட்காரும் கேஸ்கெட், மேனிஃபோல்டின் வெல்டிங், சென்சாரின் திருகு, இந்த மூன்றில் ஏதோ ஒன்று. ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். புகை ஒரே சீராகப் போவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தள்ளும்போது ஒரு அலை, இரண்டு அலைக்கு நடுவில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் ஒரு கணம். அந்தக் கணத்தில் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. ஐட்லிங்கில் அலைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் அப்போதுதான் இந்தத் தொல்லை கூடுதலாகத் தெரியும்.

4 வருடத்துக்கு முன் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் இதே கோடோடு வந்தார். வேறு இடங்களில் 2 சென்சார் மாற்றி, த்ராட்டில் பாடி கிளீன் பண்ணி, இன்ஜெக்டரும் கிளீன் பண்ணி முடித்திருந்தார். “அண்ணா, இதுக்கு மேல செலவு பண்ண என்கிட்ட தெம்பு இல்ல, வண்டிய வித்துடவா?” என்றார். ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் காலை 6 மணிக்கு, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்தபோது பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். சட் சட் சட் என்று, டேப்பெட் சத்தம் போலவே ஒரு சத்தம். 2 நிமிடம் போனதும் குறைந்தது, 5 நிமிடத்தில் காணவே இல்லை. இரும்பு சூடாகி விரிந்து இடைவெளியை அடைத்துக்கொண்டது. பகலில் சூடான வண்டியோடு போனால் எந்த மெக்கானிக் காதிலும் அது விழாது. ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டர் பக்கம் கேஸ்கெட் ஓரத்தில் மை தீட்டியது போலக் கறுப்பாக ஒரு கீற்று. புகை கசிந்து படிந்த கரி. பக்கத்திலேயே ஒரு ஸ்டட் நட்டோடு உடைந்து போயிருந்தது. கேஸ்கெட் விலை ரொம்பக் குறைவு, உடைந்த ஸ்டட்டை எடுக்கத்தான் அரை நாள் ஆனது. மாட்டி ஓட்டியதும் ட்ரிம் 22-லிருந்து 4-க்கு இறங்கியது. கோடை நான் அழிக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே ஃபோன் செய்து, லைட் தானாக அணைந்துவிட்டது என்றார்.

உங்கள் வண்டியிலும் இதுதான் என்று சொல்லவில்லை, முதலில் இதைப் பாருங்கள் என்கிறேன். காலையில் குளிர்ந்த இன்ஜினில் காது கொடுத்துக் கேட்பதற்குச் செலவே இல்லை. பட்டறையில் என்றால், இன்ஜினை அணைத்து, சைலன்சர் வாயில் கம்ப்ரஸர் காற்றை மெதுவாக விட்டு, மேனிஃபோல்ட் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்தால் நுரை வரும் இடம் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், எக்ஸாஸ்ட் முன்னாலேயே கசிந்தால் அந்தப் புகை ஏசி வழியாக வண்டிக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே உட்காரும்போது தலை பாரமாக இருந்தால், புகை நெடி வந்தால், இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவும் வேண்டாம்.

எக்ஸாஸ்ட் சுத்தமாக இருந்தால் அடுத்தது காற்று உள்ளே போகும் பக்கம். இன்டேக் கேஸ்கெட், வெடித்த வேக்குவம் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி ஹோஸ். 14 வருட ரப்பர், அமுக்கினால் மொறுமொறு என்று உடையும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்களில் நிறையவற்றில் காற்றை அளப்பது மேப் சென்சார், அதாவது இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும். அந்த வண்டிகளில் காற்று கசிந்தால் அழுத்தம் ஏறுவதை கணினி பார்த்துவிட்டு, அதற்கேற்ற பெட்ரோலையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அப்போது லீன் கோடைவிட, ஐட்லிங் ஏறி நிற்பதுதான் பெரிதாகத் தெரியும். உங்கள் வண்டி சிக்னலில் 1,000-க்கு மேல் நின்று இறங்க மறுத்தால் இந்தப் பக்கம் தேடுங்கள், 750, 800-ல் ஒழுங்காக நின்றால் இது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த வண்டி என்றால் கதை வேறு. அங்கே கசிவு நேராக லீன் கோடைக் கொடுக்கும், ஐட்லிங்கில் ட்ரிம் உயர்ந்து 2,500-ல் இறங்கும். சென்சார் கம்பியில் தூசி படிந்தாலும் இதே கோடு வரும். குவாரி லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடும் வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரிம் ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, ஏற்றத்தில் லோடு விழும்போது மட்டும் ஏறினால் பெட்ரோல் வரும் வழியைச் சந்தேகிக்கலாம். பம்ப் அழுத்தத்தை கேஜ் மாட்டிப் பார்க்காமல் பம்ப்பை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் இப்படி ஆகிறதா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். இதில் உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்குதான். ஆக 10 சதவீதக் கலவையிலிருந்து 20-க்குப் போகும்போது, அதே காற்றுக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் வண்டி அதைச் சமாளித்துவிடும், லைட் எரியாது. ஏற்கெனவே ஒரு கசிவால் ப்ளஸ் 18-ல் ஓடிக்கொண்டிருந்த வண்டியை அந்த 4 சதவீதம் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். மைலேஜும் 3, 4 சதவீதம் குறையும். உங்களுக்குக் குறைந்தது 17 சதவீதத்துக்கும் மேல். எத்தனாலை மட்டும் குற்றம் சொன்னால் கணக்கு உதைக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களை அது எவ்வளவு பாதிக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், பெட்ரோல் ஹோஸில் ஈரம் கசிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மைலேஜ் விழுவதற்கு இன்னொரு உள்ளூர்க் காரணமும் உண்டு. நம் இரண்டு மாவட்டத்திலும் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருப்பது உங்களுக்குத் தெரியும், குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதையே ரேடியேட்டரிலும் ஊற்றிவிடுகிறார்கள். அந்தப் படிவில் தெர்மோஸ்டாட் வால்வு சிக்கும். சிக்கியதும், நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று வால்வையே கழற்றிப் போட்டுவிடுவது இன்னும் நடக்கிறது. இன்ஜின் 80, 90 டிகிரிக்கு வரவே நேரமாகும், நெடுஞ்சாலையில் காற்றுப் பட்டால் மறுபடி குளிரும். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து கணினி பெட்ரோலைக் கூட்டும், தேய்மானமும் அதிகம். இது பி 0171-க்கு நேரடிக் காரணம் இல்லை, இதற்கு வரும் கோடு பெரும்பாலும் பி 0128. ஆனாலும் ரீடரில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். 15 நிமிடம் ஓட்டிய பிறகும் 70-ஐத் தாண்டவில்லையென்றால், முன்பு வைத்திருந்தவர் வால்வைக் கழற்றியிருக்கலாம். வால்வு போட்டு, நல்ல கூலன்ட்டை சுத்திகரித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள்.

ஒயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோடு அந்தப் பக்கம் அவ்வளவாகக் காட்டவில்லை. ராயக்கோட்டையில் ஒரு தக்காளி வியாபாரியின் வண்டி, நிலக்கடலை மூட்டை போட்டிருந்த கொட்டகையில் நிற்கும். பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் கோடு, பி 0141, விட்டு விட்டு வந்தது. சென்சார் நன்றாகவே இருந்தது. ஹார்னஸ் மடங்கும் இடத்தில், வெளி டேப் அப்படியே இருக்க, உள்ளே இரண்டு ஒயரை எலி முக்கால்வாசி கடித்து வைத்திருந்தது. வண்டி குலுங்கும்போது தொடும், விடும். அதனால் எந்த சென்சாரையும் மாற்றும் முன், கப்ளரைக் கழற்றி பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், ஒயரை விரலால் தடவிப் பாருங்கள். இன்ஜின் எர்த்தையும் மல்டிமீட்டரில் சோதிக்கலாம். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைத்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்றி, இரும்பு தெரியச் சுரண்டி மாட்டுங்கள்.

இப்போது மாட்டியிருக்கும் சென்சார் டூப்ளிகேட்டாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. சோதிப்பது எளிது. சூடான இன்ஜினில், ரீடரில் முன்பக்க சென்சாரின் வோல்ட்டேஜைப் பாருங்கள். சட்டென்று ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் 0.8-க்கு மேல் போக வேண்டும், காலை எடுத்ததும் 0.1 பக்கம் விழ வேண்டும், சும்மா ஓடும்போது இரண்டுக்கும் நடுவே விடாமல் ஏறி இறங்க வேண்டும். இதைச் செய்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால், அல்லது ஏறி இறங்க யோசித்து யோசித்துச் செய்தால், அதைத்தான் மாற்ற வேண்டும். அப்போது கம்பெனி பெட்டியில் வந்த சென்சாரையே வாங்குங்கள், பில்லோடு.

இசியூவை ஏன் வேண்டாம் என்கிறேன்? ட்ரிம் ஏறி, எல்லையைத் தொட்டு, இரண்டு ஓட்டம் பொறுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே கோடைப் போடுகிறது என்றால், அந்த இசியூ தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. என்னிடம் வந்த நிஜமான இசியூ கோளாறுகள் எல்லாம் வேறு மாதிரி. வெள்ளத்தில் முங்கிய வண்டி, பேட்டரியைத் தலைகீழாக மாட்டிய வண்டி, இசியூவைக் கழற்றாமல் வெல்டிங் வைத்த வண்டி. அவை ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்கேனரோடு பேசவே பேசாது, அல்லது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்து கோடு காட்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய இசியூவை வாங்கிப் போட்டால், சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசரோடு ஒத்துப்போகாமல் ஓடுகிற வண்டியும் நின்றுவிடக்கூடும்.

லைட்டை அப்படியே விட்டுவிடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே ஒன்றும் ஆகாது. ஆனால் தேவைக்கு மேல் பெட்ரோல் எரிகிறது என்ற என் ஊகம் சரியென்றால், அந்தச் சூடெல்லாம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில்தான் போய் இறங்குகிறது. இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி 0420 என்ற இன்னொரு கோடு வரும், அப்போது செலவு பல மடங்கு. கன்வெர்ட்டரை உடைத்துக் காலியாக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது சட்டப்படியும் குற்றம், உங்கள் கோளாறையும் தீர்க்காது. பிஎஸ் 4 பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனையில் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். கலவை கெட்டு ஓடும் வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும். ஆர்சி புதுப்பித்தால் 5 வருடத்துக்கு. அதற்கு முன் சரி செய்துவிட்டால் அந்த 5 வருடமும் நிம்மதியாக ஓட்டலாம்.

நான் தவறாகவும் இருக்கலாம் என்ற இடம் ஒன்று உண்டு. என் வாதம் முழுக்க அந்த 17, 14 என்ற கணக்கின் மேல் நிற்கிறது. நீங்கள் டேங்கை நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தீர்களா, இல்லை மீட்டரில் காட்டியதா? பெங்களூர் நெடுஞ்சாலை ஓட்டம் குறைந்து ஊருக்குள் ஓட்டம் கூடியிருந்தாலும் 3 கிலோமீட்டர் குறையும். டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இவற்றாலும் குறையும். மைலேஜ் நிஜத்தில் குறையவே இல்லையென்றால், பொய் ஆக்சிஜன் என்ற என் சந்தேகம் பலவீனமாகி, பெட்ரோல் அழுத்தம் பக்கம் போக வேண்டியிருக்கும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். காலையில் எழுந்ததும், வண்டியை நகர்த்தாமல், பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, முதல் 2 நிமிடச் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்யுங்கள், மேனிஃபோல்ட் பக்கம் ஃபோனைக் கொண்டுபோய், ஆனால் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி. பிறகு சூடானதும் ஐட்லிங்கில் ட்ரிம், 2,500-ல் ட்ரிம், ஐட்லிங் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, இந்த 4 அளவையும் எழுதுங்கள். கோடை மட்டும் அழித்துவிடாதீர்கள். அந்த அளவுகளோடு மறுபடி எழுதினால், எந்த நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால், முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், காலையில் குளிர்ந்த இன்ஜினில் இருவரும் சேர்ந்தே கேட்டுப் பார்ப்போம்.